விட்டுப் போகும் உரிமை



மெய்யான தனிமனித சுதந்திரம் சாத்தியமா, சாத்தியம் என்றாலும் அதைத் தேடிப் போவது தகுமா என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. தத்துவத் துறையிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டிருந்தால் உங்களுக்கு இன்னும் சாரமான மாலையாக இது அமைந்திருக்கும். நான் வழக்கறிஞன். எந்தக் கேள்வியையும் வாதி, பிரதிவாதி, சாட்சியம், தீர்ப்பு என்று பிரித்துப் போட்டால்தான் எங்கள் கூட்டத்துக்கு அது விளங்கும். ஆகவே சுதந்திரத்துக்கு விளக்கம் சொல்லித் தொடங்காமல் ஓர் ஆண்டிலிருந்து தொடங்குகிறேன். 1976.

நெருக்கடி நிலை நடப்பில் இருந்த ஆண்டு அது. 1975 ஜூன் 25 இரவு அறிவிப்பு வந்தது. இரண்டே நாளில், அரசியலமைப்பின் 14, 21, 22 ஆகிய பிரிவுகளைக் காட்டி யாரும் நீதிமன்றப் படி ஏற முடியாது என்று குடியரசுத் தலைவரின் ஆணை வெளியானது. மிசா என்ற உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளே போனவர்களுக்காக அவர்களுடைய வீட்டார் ஆட்கொணர்வு மனு போட்டார்கள். ஒன்பது உயர் நீதிமன்றங்கள் அந்த மனுக்களை விசாரிக்கத் தங்களுக்கு அதிகாரம் உண்டு என்றன. அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. ஜபல்பூர் கூடுதல் மாவட்ட மாஜிஸ்திரேட் எதிர் சிவகாந்த் சுக்லா என்ற பெயரில் அந்த வழக்கு இன்றும் சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருக்கிறது. விசாரணையின்போது நீதிபதி எச்.ஆர். கன்னா அரசின் தலைமை வழக்கறிஞர் நிரேன் டேயிடம் ஒன்று கேட்டார். ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகைக்காக ஒருவரைக் கொன்றுவிட்டால் அதற்கும் நிவாரணம் கிடையாதா? நெருக்கடி நிலை நீடிக்கும்வரை கிடையாது என்று பதில் வந்தது. 1976 ஏப்ரல் 28 அன்று ஐந்து நீதிபதிகளில் நால்வர் அரசு பக்கம் தீர்ப்பளித்தார்கள். கன்னா ஒருவர் மட்டும் மறுத்தார். தலைமை நீதிபதி பதவி அவருக்கு வர வேண்டிய நேரத்தில், 1977 ஜனவரியில், பணிமூப்பில் இளையவரான நீதிபதி பேக் அந்த நாற்காலியில் அமர்த்தப்பட்டார். கன்னா விலகினார்.

நமக்கு இது டெல்லிச் செய்தி மட்டும் அல்ல. 1976 ஜனவரி 31-ல் தமிழ்நாட்டு ஆட்சி கலைக்கப்பட்டது. சென்னை மத்திய சிறையில் மிசாக் கைதிகள் அடிக்கப்பட்டார்கள். சென்னையின் மேயராக இருந்த சிட்டிபாபு அந்த அடிகளுக்குப் பின் 1977 ஜனவரியில் இறந்தார். நீதிபதி இஸ்மாயில் ஆணையம் பின்னாளில் அதை விசாரித்தது. பக்கத்துக் கேரளத்தில், கோழிக்கோடு பொறியியல் கல்லூரி மாணவர் ராஜனை 1976 மார்ச் முதல் தேதி போலீசார் கொண்டுபோனார்கள். அவருடைய தந்தை ஈச்சர வாரியர் ஆட்கொணர்வு மனுவோடு உயர் நீதிமன்றம் போனது, நெருக்கடி நிலை விலகிய 1977 மார்ச்சில்தான். மகன் திரும்பி வரவில்லை.

இதுவரை சொன்னது உங்களில் பலருக்குத் தெரிந்த கதை. அதே ஆண்டின் இன்னொரு கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1975 அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்து, 1976 பிப்ரவரியில் நாடாளுமன்றச் சட்டமானது கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம். இந்திரா காந்தியின் இருபது அம்சத் திட்டத்தில் அது ஓர் அம்சம். சட்டம் நடைமுறைக்கு வந்த நொடியிலிருந்து கொத்தடிமை முறை ஒழிந்தது, ஒவ்வொரு கொத்தடிமையும் விடுதலை பெற்றார், கொத்தடிமைக் கடன் ஒழிந்தது, அதற்காக எழுதிய ஒப்பந்தம் செல்லாது என்று அடுத்தடுத்த பிரிவுகளில் சொல்லிவிடுகிறது. இவ்வளவு வெட்டவெளிச்சமாக எழுதிய சட்டங்கள் நம்மிடம் குறைவு.

நெருக்கடி நிலையைக் கண்டிப்பவர்கள் முதல் கதையைச் சொல்லி நிறுத்துவார்கள். அதற்கு வக்காலத்து வாங்குபவர்கள் இரண்டாவதை மட்டும் எடுத்துக்காட்டுவார்கள். இரண்டையும் ஒன்றாக மேசைமேல் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. எழுத்தாளரும் கட்சிக்காரரும் பேராசிரியரும் சுதந்திரத்தை இழந்த அதே மாதங்களில், செங்கல் சூளையில் மண் மிதித்துக்கொண்டிருந்தவர் காகிதத்திலாவது அதைப் பெற்றார். அப்படியானால் அந்த ஆண்டு இந்தியாவில் சுதந்திரம் குறைந்ததா, கூடியதா? இதற்குச் சட்டென்று பதில் சொல்ல முடிகிறவர், சுதந்திரம் என்று ஒரே ஒரு வகை மனிதருக்கு உரியதைத்தான் மனதில் வைத்திருக்கிறார்.

கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் விளக்கப் பிரிவைச் சற்று நின்று பார்ப்போம். கொத்தடிமை என்பவர் யார்? வாங்கிய முன்பணத்துக்காகவோ, முன்னோர் பட்ட கடனுக்காகவோ, வழக்கத்தினாலோ, ஒரு சாதியில் பிறந்த காரணத்தினாலோ ஒருவரிடம் வேலை செய்யக் கட்டுப்பட்டவர். அப்படிக் கட்டுப்பட்டதால் நான்கில் ஒன்றை இழந்தவர். கூலியே இல்லாமல் அல்லது பெயருக்குக் கூலி வாங்கி உழைப்பது ஒன்று. வேறு வேலைக்குப் போக முடியாமை இரண்டு. நாட்டுக்குள் நினைத்த இடத்துக்குப் போய்வர முடியாமை மூன்று. தன் பொருளையும் தன் உழைப்பில் விளைந்ததையும் சந்தை விலைக்கு விற்க முடியாமை நான்கு. நான்கும் இழந்திருக்க வேண்டியதில்லை, ஒன்று போதும்.

இந்தப் பிரிவைத் தலைகீழாகப் படித்துப் பாருங்கள். உழைத்ததற்கு நியாயமான கூலி, வேறு வேலைக்குப் போகும் வழி, கால் போன இடத்துக்குப் போகும் உரிமை, தன்னுடையதை விற்கும் உரிமை. தனிமனித சுதந்திரத்துக்கு இந்தியச் சட்டங்களில் நான் பார்த்த மிகத் தெளிவான விளக்கம் இதுதான். அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவில்கூட இந்தத் தெளிவு கிடையாது. அடிமை யார் என்று எழுத உட்கார்ந்தவர்கள், அவர்களையும் அறியாமல், சுதந்திரன் யார் என்று எழுதிவிட்டார்கள். அவர்கள் எழுதியதைச் சுருக்கினால் ஒரே கேள்விதான் மிஞ்சும். இருக்கிற இடத்தை விட்டு இவரால் போக முடியுமா?

இந்தக் கேள்வியைத் தமிழ்நாடு சட்டப் புத்தகத்திலிருந்து கற்றுக்கொள்ளவில்லை. நந்தனார் கதை வழியாக நெடுங்காலமாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. சேக்கிழார் சொல்லும் கதையில் ஆதனூர்த் திருநாளைப்போவாரான நந்தனார் சிதம்பரம் போக ஏங்குகிறார். தன் பிறப்பை நினைத்துத் தயங்கி, நாளைக்குப் போகலாம் என்று நாளைத் தள்ளுகிறார். அந்தக் கதையில் பண்ணையார் கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தன் சரித்திரக் கீர்த்தனை பாட வந்தபோது ஒரு வேதியரைக் கொண்டுவந்து நிறுத்தினார். நந்தன் அவருடைய பண்ணையாள். சிதம்பரம் போக அவரிடம் உத்தரவு கேட்கிறான். நாற்பது வேலி நிலத்து அறுவடையை ஒரே இரவில் முடித்துவிட்டுப் போ என்கிறார் அவர். காவிரிப் படுகையில் வாழ்ந்த பாரதியாருக்குப் பண்ணையாள் வாழ்க்கை கண்ணெதிரே இருந்தது. பக்திக் கதைக்குள் அவர் கொண்டுவந்து வைத்தது ஒரு விடுப்பு விண்ணப்பத்தை. அந்தக் காலத்திலேயே சிலர் இதற்கு முகம் சுளித்தார்கள். பெரிய புராணத்தில் இல்லாததை ஏன் சேர்த்தார் என்று இன்றும் கேட்கும் புலவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், தமிழில் தனிமனித சுதந்திரம் பற்றி எழுந்த முதல் பெரிய நாடகக் காட்சி அந்த உத்தரவு கேட்கும் காட்சிதான்.

இங்கே ஒரு மறுப்பு வரும். சுதந்திரம் உள்ளத்தில் இருக்கிறது, கால் எங்கே போனால் என்ன என்பார்கள். இது சாதாரணமான மறுப்பு அன்று. இதைச் சொன்னவர்களில் ஒருவர் எபிக்டெட்டஸ். ரோமாபுரியில் நீரோ மன்னனிடம் செல்வாக்குப் பெற்றிருந்த ஒருவரின் அடிமையாக இருந்தவர், கால் ஊனமானவர். விடுதலை பெற்றபின் தத்துவ ஆசிரியரானார், ரோமிலிருந்து தத்துவவாதிகள் விரட்டப்பட்டபோது கிரேக்கத்து நிக்கோபொலிஸில் பள்ளி வைத்தார். நம் வசத்தில் இருப்பது எது, இல்லாதது எது என்று பிரித்துக்கொள், உன் மனம் இசையாமல் யாரும் உன்னைக் கட்ட முடியாது என்பது அவர் போதனையின் சாரம். நம் பக்கத்திலும் இந்த மரபு வலுவானது. பல்லவ மன்னன் அழைத்தபோது போக மறுத்த அப்பர் சுவாமிகளை நினைத்தால் போதும்.

அடிமையாக இருந்து மீண்ட ஒருவர் இதைச் சொல்லும்போது நான் கைகூப்பிக் கேட்பேன். அதையே எஜமானர் சொன்னால் எழுந்து போய்விடுவேன். சிக்கல் அங்கேதான் இருக்கிறது. ஐசையா பெர்லின் 1958-ல் ஆக்ஸ்போர்டில் நிகழ்த்திய, சுதந்திரத்தின் இரு கருத்துகள் பற்றிய உரையில் இதை நன்றாகப் பிடித்தார். கிடைக்காததை ஆசைப்படாமல் இருக்கப் பழகிக்கொண்டால் தடை என்று ஒன்று இல்லாமல் போய்விடும். அதற்குச் சுதந்திரம் என்று பெயர் வைத்தால், குடிகளின் ஆசைகளை வாடவைத்த கொடுங்கோலனும் தான் அவர்களுக்கு விடுதலை தந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். உள்ளச் சுதந்திரம் சிறைக்குள் இருப்பவரை உடையாமல் காக்கும். சிறை தேவையில்லை என்பதற்கு அது வாதமாகாது.

சிறை என்றதும் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் நினைவுக்கு வருகிறார். 1947 ஆகஸ்டில் நாடு கொடியேற்றியபோது கண்ணூர்ச் சிறையில் இருந்தவர். சில வாரங்கள் வெளியே இருந்துவிட்டு டிசம்பரில் மறுபடியும் உள்ளே போனார். அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த 1950-ல் அவர் அன்றைய சென்னை மாகாண அரசின் கைதி. புதிய தடுப்புக் காவல் சட்டத்தின்கீழ் அவருக்குக் கொடுத்த ஆணையை எதிர்த்து எழுந்ததுதான் கோபாலன் எதிர் சென்னை மாநிலம் வழக்கு. தனிமனித சுதந்திரம் பற்றி உச்ச நீதிமன்றம் கேட்ட முதல் பெரிய வழக்கு. எம்.கே. நம்பியார் அவருக்காக வாதாடினார். சட்டம் ஒன்று இருந்தால் மட்டும் போதாது, அந்தச் சட்டமும் அதன் நடைமுறையும் நியாயமாக இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. ஆறு நீதிபதிகளில் பெரும்பான்மையினர் அதை ஏற்கவில்லை. நாடாளுமன்றம் ஒரு நடைமுறையை வகுத்திருக்கிறது, அதன்படி அடைத்திருக்கிறார்கள், முடிந்தது என்றார்கள். பசல் அலி தனித்து நின்று மாறுபட்டார்.

இதற்கு விதை அரசியல் நிர்ணய சபையிலேயே விழுந்துவிட்டது. அரசியலமைப்பு ஆலோசகர் பி.என். ராவ் அமெரிக்கா போய் நீதிபதி பிராங்க்பர்ட்டரைச் சந்தித்து வந்த பிறகு, நியாயமான நடைமுறை என்று நீதிமன்றம் சோதிக்க இடம் தரும் வாசகம் வரைவிலிருந்து வெளியேறியது. நம் சென்னையைச் சேர்ந்த அல்லாடி கிருஷ்ணசுவாமி அய்யரும் அதை ஆதரித்தார். அம்பேத்கருக்கு அதில் மன நிறைவு இல்லை. இழந்ததற்கு ஈடாக, கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது போன்ற காப்புகளை 22-ஆம் பிரிவில் சேர்த்தார். ஆனால் தடுப்புக் காவலை அனுமதிப்பதும் அதே 22-ஆம் பிரிவுதான். நம்பியார் கேட்டது கிடைக்க 28 ஆண்டுகள் ஆயின. 1978-ல், கடவுச்சீட்டு பறிக்கப்பட்ட மேனகா காந்தியின் வழக்கில், நடைமுறை நியாயமானதாக இருந்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதுவும், கவனியுங்கள், நாட்டை விட்டு வெளியே போகும் உரிமை பற்றிய வழக்கு.

மேனகா வழக்கின் முதன்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பி.என். பகவதி. 1976-ல் ஜபல்பூர் வழக்கில் அரசு பக்கம் நின்ற நால்வரில் அவரும் ஒருவர். 2011-ல் அந்தத் தீர்ப்புக்காக வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். அவரை எப்படி மதிப்பிடுவது என்பதில் வழக்கறிஞர்களிடையே இன்றும் சண்டை உண்டு. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. இந்த மாலைக்கு எனக்கு வேண்டியது 1982-ல் அவர் எழுதிய தீர்ப்பு.

டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக மேம்பாலங்களும் அரங்கங்களும் எழும்பிக்கொண்டிருந்தன. தொழிலாளிக்கு அன்றைய குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 9 ரூபாய் 25 காசு. அதில் ஒரு ரூபாயை ஆள் பிடித்து வந்த ஜமேதார் எடுத்துக்கொண்டார். ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் சங்கம் வழக்குப் போட்டது. தொழிலாளி தானாக வந்தார், யாரும் கையைப் பிடித்து இழுத்து வரவில்லை, பிடிக்காவிட்டால் போகலாமே? எந்த முதலாளியும் சொல்லும் பதில் இது. பகவதி அதை ஏற்கவில்லை. பசியும் வறுமையும் ஒருவரை வேறு வழியில்லாத இடத்துக்குத் தள்ளும்போது அதுவும் வல்லந்தம்தான், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வாங்குகிற உழைப்பு அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பு என்று தீர்ப்பளித்தார். ஒரு ரூபாய் வழக்கில் ஒரு பெரிய தத்துவக் கேள்விக்கு விடை கிடைத்தது. கதவு திறந்திருக்கிறது என்பதாலேயே உள்ளே இருப்பவர் சுதந்திரமானவர் ஆகிவிட மாட்டார். வெளியே அவருக்கு என்ன காத்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

இதை நம் மாவட்டங்களில் கண்ணால் காணலாம். காஞ்சிபுரம், திருவள்ளூர், வேலூர்ப் பக்கங்களில் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் மரம் வெட்டும் வேலையிலும் இருளர் குடும்பங்கள் முன்பணம் வாங்கிக்கொண்டு போவார்கள். கல்யாணத்துக்கு, மருத்துவத்துக்கு, மழைக்காலச் சாப்பாட்டுக்கு என்று வாங்கிய பணம். வாரத்துக்கு ஒருமுறை செலவுக்குக் கொஞ்சம் கிடைக்கும். மீதிக் கணக்கு முதலாளியின் நோட்டில் இருக்கும். அந்த நோட்டைத் தொழிலாளி பார்த்ததும் இல்லை, பார்த்தால் படிக்கவும் தெரியாது. ஊரில் சாவு விழுந்தால் புருஷன் போய்வரலாம், பெண்டாட்டி பிள்ளைகள் சூளையிலேயே இருக்க வேண்டும். சங்கிலி எதுவும் கண்ணுக்குத் தெரியாது. விசாரணைக்குப் போகும் அதிகாரியிடம் அந்தக் குடும்பமே முதலில் சொல்வது, எங்களுக்கு ஒரு குறையும் இல்லைங்க ஐயா என்பதுதான். கோட்டாட்சியர் பொறுமையாகத் தனித்தனியே கூப்பிட்டு விசாரித்து, விடுவிப்புச் சான்றிதழ் கொடுத்த பிறகுதான் அந்தக் கடன் சட்டப்படி ஒழிந்தது என்பதை அவர்கள் நம்புவார்கள்.

அடுத்த கேள்வி, சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போவது? விடுவிக்கப்பட்டவருக்கு மறுவாழ்வு கொடுக்காவிட்டால் அவர் மறுபடி கொத்தடிமைத்தனத்துக்கே தள்ளப்படுவார் என்று 1984-ல் நீரஜா சௌத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம் எச்சரித்தது. 2016-ல் மத்திய அரசு மறுவாழ்வுத் தொகையை உயர்த்தியது. வளர்ந்த ஆணுக்கு ஒரு லட்சம், பெண்களுக்கும் சிறாருக்கும் இரண்டு லட்சம், மிகக் கொடிய நிலையில் இருந்தவர்களுக்கு மூன்று லட்சம். ஆனால் முழுத் தொகை கைக்கு வருவதை முதலாளிமீதான வழக்கு தண்டனையில் முடிவதோடு முடிச்சுப் போட்டுவிட்டார்கள். நம் நீதிமன்றங்களில் ஒரு வழக்கு முடிய எவ்வளவு காலமாகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடுவித்துவிட்டு வெறுங்கையோடு அனுப்புவதற்கு முன்மாதிரி தஞ்சையிலேயே உண்டு. 1952-ல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, பல பண்ணைகளில் பண்ணையாட்களைக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டுத் தினக்கூலிக்கு ஆள் வைத்துக்கொண்டார்கள். கட்டு அறுந்தது, குடியிருப்பும் நெல்லும் கூடவே போயின.

எரிக் பிராம் என்ற ஜெர்மானிய உளவியலாளர் நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா போய் 1941-ல் ஒரு நூல் எழுதினார். மனிதன் சுதந்திரத்தின் பாரத்தைத் தாங்க மாட்டாமல் அதிலிருந்து தப்பி ஓடித் தலைவனிடம் சரணடைகிறான் என்பது அதன் வாதம். நம் நாட்டு நடுத்தர வர்க்கத்தைப் பார்க்கும்போது எனக்கே அவர் சொல்வது சரி என்று தோன்றும். ஆனால் இதை எல்லோருக்கும் பொருத்தக் கூடாது. விடுவிக்கப்பட்ட குடும்பம் ஆறு மாதத்தில் மறுபடி முன்பணம் வாங்கினால், சுதந்திரத்துக்குப் பயந்து வாங்கியது என்று சொல்லாதீர்கள். அரிசிக்காக வாங்கியது.

இதுவரை அரசையும் முதலாளியையும் பற்றிப் பேசினேன். பெண்களைக் கேட்டால் அவர்கள் முதலில் சொல்லப்போவது வேறு பெயர். வீடு. சாதி. இந்த இடத்தில் தமிழ்நாடு ஒரு முன்னோடி. சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967-ல் சட்டத் திருத்தம் செய்து ஏற்பு கொடுத்தோம். புரோகிதரும் சடங்கும் இல்லாமல் மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ செய்யும் திருமணம் செல்லும். பகுத்தறிவுக்கு வெற்றி என்று அதைக் கொண்டாடுகிறோம், சரி. அதன் இன்னொரு பயன் பின்னாளில்தான் துலங்கியது. சாதி மீறிக் காதலித்தவர்கள் ஊருக்குத் தெரியாமல் மணந்துகொள்ள அது வழியானது. ரகசியமாக, வழக்கறிஞர் அலுவலகத்தில் நடக்கும் திருமணம் செல்லாது என்று 2014-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் கருதியது. 2023 ஆகஸ்டில் இளவரசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தியது. ஊரறியச் சொல்ல வேண்டும் என்று கட்டாயப்படுத்துவது அந்த இருவரின் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதை நீதிபதிகள் உணர்ந்திருந்தார்கள். உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச் 13 அன்று பட்டப்பகலில் நடந்த சாதி ஆணவக் கொலையை நாம் எல்லோரும் கேமரா காட்சியில் பார்த்தோமே.

சேலத்தில் ஹோமியோபதி படித்துக்கொண்டிருந்த ஹாதியாவின் வழக்கும் உங்களுக்கு நினைவிருக்கும். மதம் மாறி மணந்த, வயது வந்த பெண். கேரள உயர் நீதிமன்றம் 2017 மே மாதம் திருமணத்தை ரத்து செய்து அவரைத் தந்தையின் பொறுப்பில் விட்டது. நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவரை நேரில் அழைத்து என்ன வேண்டும் என்று கேட்டது. சுதந்திரம் வேண்டும் என்றார். படிப்பைத் தொடரக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். திருமணம் செல்லும் என்ற ஆணை 2018 மார்ச் 8 அன்றுதான் வந்தது. மதமாற்றம் சரியா, அந்தத் திருமணம் நல்லதா என்று அன்று தெருவெல்லாம் பேசினார்கள். எனக்கு அதில் கருத்து கிடையாது, இருக்கவும் கூடாது. 24 வயதுப் பெண் தன் தகப்பன் வீட்டை விட்டுப் போகலாமா என்று கண்டுபிடிக்க நாட்டின் உயர்ந்த நீதிமன்றத்துக்கு இத்தனை மாதங்கள் தேவைப்பட்டன என்பதில்தான் எனக்குக் கருத்து உண்டு.

2021 மே மாதத்திலிருந்து நம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதை ஓசிப் பயணம் என்று கேலி செய்பவர்கள் இந்த அவையிலும் இருக்கலாம். பஸ் சார்ஜுக்குப் பத்து ரூபாய் கொடு என்று கணவரிடமோ மகனிடமோ கேட்காமல் ஒரு பெண் அம்மா வீட்டுக்கோ வேலை தேடியோ கிளம்ப முடிகிறது என்றால், அது போக்குவரத்துத் துறையின் செலவுக் கணக்கில் மட்டும் எழுத வேண்டிய விஷயம் அல்ல. 21-ஆம் பிரிவைப் பற்றி எழுதப்பட்ட பல தீர்ப்புகளைவிட அந்த இலவசச் சீட்டு அதிகம் சாதித்திருக்கிறது என்பது என் எண்ணம்.

அந்தரங்க உரிமை, கைபேசி, நம்மை நமக்கு முன்பே அறிந்து வைத்திருக்கும் நிறுவனங்கள் பற்றியெல்லாம் பேச நேரம் இல்லை. 2017-ல் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமியின் வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றார்கள், ஜபல்பூர் தீர்ப்பையும் அப்போதே தள்ளினார்கள் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். 1976-ல் நால்வரில் ஒருவராக இருந்த ஒய்.வி. சந்திரசூட்டின் தீர்ப்பை, அந்த ஒன்பதின்மரில் ஒருவரான அவர் மகனே தவறு என்று எழுதினார். மூளையே எல்லாவற்றையும் முன்கூட்டி முடிவு செய்துவிடுகிறது, விருப்பம் என்பதே மாயை என்று வாதிடும் விஞ்ஞானிகளும் உண்டு. அந்த வழக்கு என் நீதிமன்ற வரம்புக்குள் வராது.

இனித் தீர்ப்பு. எந்தக் கட்டும் இல்லாத மனிதன் என்ற பொருளில் முழுச் சுதந்திரம் சாத்தியமில்லை. அப்படி ஒன்றை யாரும் உண்மையில் கேட்டதும் இல்லை. கோபாலனையே எடுத்துக்கொள்ளுங்கள். தனிமனித சுதந்திரத்தின் பேரால் அறியப்படும் அந்த மனிதர் வாழ்நாளெல்லாம் கறாரான ஒரு கட்சியின் ஒழுங்குக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்தார். அதில் முரண் இல்லை. காங்கிரசிலிருந்து சோசலிஸ்டுகளிடம், அங்கிருந்து கம்யூனிஸ்டுகளிடம் என்று விட்டுவிட்டுப் போய்த் தானே தேர்ந்துகொண்ட கட்டு அது. வேலை, மணவாழ்க்கை, மதம், கட்சி எல்லாம் கட்டுகள்தான். விட்டுப் போக முடிகிறபோதும் ஒருவர் அதில் நிற்கிறார் என்றால் அது அவருடைய வாழ்க்கை. போக முடியாததால் நிற்கிறார் என்றால், அவர் எவ்வளவு சிரித்த முகமாக இருந்தாலும், குறை ஒன்றும் இல்லைங்க ஐயா என்றாலும், அது அவருடைய வாழ்க்கை அன்று.

இந்த அளவில் சுதந்திரம் சாத்தியம். சட்டம், கூலி, தங்க ஓர் இடம், துணைக்கு நாலு பேர் இருந்தால் சாத்தியம். தனியாகச் சம்பாதிக்க முடியாது, பிறர் சேர்ந்து ஆக்கித் தர வேண்டும். தேடத் தகுந்ததா என்ற இரண்டாவது கேள்வியை நான் தள்ளுபடி செய்கிறேன். சுதந்திரம் இருக்கிறவர்கள் மட்டுமே கேட்கும் கேள்வி அது. உத்தரவு கேட்டு வாசலில் நின்றவர் எவரும் அதைக் கேட்டதாகப் பதிவில் இல்லை.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13-ஆம் பிரிவின்படி ஒவ்வொரு மாவட்டத்திலும், ஒவ்வொரு வருவாய்க் கோட்டத்திலும் கொத்தடிமை முறைக்கான கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும். பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்த மூவரும், சமூகப் பணியாளர் இருவரும் அதில் உறுப்பினர்கள். உங்கள் கோட்டத்தில் அந்தக் குழு இருக்கிறதா, உறுப்பினர்கள் யார், கடைசியாக எப்போது கூடியது என்று கோட்டாட்சியர் அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய்.